'3+' என்ற எண் சொல்லாதவை

பிளே ஸ்டோரில் எந்த கேமைத் திறந்தாலும் பெயருக்கு அருகில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதற்குள் 3+, 7+, 12+ என்று ஏதாவது ஓர் எண். பெற்றோர் பெரும்பாலும் அந்த எண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்ஸ்டால் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். 3+ என்றால் மூன்று வயதுக் குழந்தைக்கென்று செய்தது என எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. மூன்று வயதுக் குழந்தை பார்க்கக் கூடாத காட்சி இதில் இல்லை என்பது மட்டுமே அந்த எண்ணுக்குப் பொருள். குழந்தைக்கு அந்த கேம் புரியுமா, அதனால் ஏதாவது பயன் உண்டா, விளையாடியது போதும் என்று எழுந்து வர விடுமா என்பதையெல்லாம் அந்த எண்ணிடம் கேட்க முடியாது. அதைப் பெற்றவர்கள்தான் பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதே இந்த அத்தியாயம்.

மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இரண்டு வயதுக்குக் கீழே கேம் தேர்வு என்ற பேச்சே வேண்டாம். இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கமான ஐஏபி, இரண்டு வயது வரை எந்தத் திரையும் கூடாது என்கிறது. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை பெரியவர் ஒருவர் உடனிருக்க நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம்; ஐந்திலிருந்து பத்து வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள். இந்தக் கணக்கில் டிவியும் யூடியூபும் சேர்த்தி. காலையில் அரை மணி நேரம் கார்ட்டூன் பார்த்த நான்கு வயதுப் பிள்ளைக்கு கேமுக்கு மிஞ்சுவது அரை மணி நேரம்தான். அந்த அரை மணி நேரத்துக்கு வீட்டில் இரண்டு மூன்று நல்ல கேம்கள் இருந்தால் போதும். போன் நிறைய கேம்களை அடைத்து வைக்க வேண்டிய தேவையே இல்லை.

எண் எங்கிருந்து வருகிறது

மார்ட்டல் காம்பாட் என்ற சண்டை கேமின் ரத்தக் காட்சிகளைப் பற்றி 1993-ல் அமெரிக்காவில் பெரிய சர்ச்சை எழுந்தது. செனட் சபை விசாரணை நடத்தியது. அரசு சட்டம் போடுவதற்கு முன்பே கேம் நிறுவனங்கள் முந்திக்கொண்டு, 1994-ல் ஈஎஸ்ஆர்பி என்ற தர அமைப்பை ஏற்படுத்தின. ஐரோப்பாவில் 2003-ல் பெகி வந்தது. 3, 7, 12, 16, 18 என்ற வரிசை அதனுடையது. செல்போனில் கேம்கள் கணக்கில்லாமல் வந்து குவியத் தொடங்கியதும் ஒவ்வொன்றையும் ஆள் வைத்துப் பார்ப்பது நடக்காத காரியமாகிவிட்டது. அதனால் 2013-ல் பல நாட்டுத் தர அமைப்புகள் சேர்ந்து ஐஏஆர்சி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. கூகுள் பிளே 2015 முதல் இதைத்தான் பின்பற்றுகிறது. கேமைச் செய்தவர் ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறார்: ரத்தம் காட்டப்படுகிறதா, கெட்ட வார்த்தை வருகிறதா, சூதாட்டம் உண்டா, பயமுறுத்தும் காட்சி உண்டா. பதில்களை வைத்து கம்ப்யூட்டரே எண்ணைப் போட்டுவிடுகிறது. பிறகு புகார் வந்தாலோ சோதனையில் சிக்கினாலோ திருத்துவார்கள். நம் ஊரில் சினிமாவுக்கு யு, யு/ஏ என்று சான்றிதழ் தரும் தணிக்கை வாரியத்துக்கும் கேம்களுக்கும் சம்பந்தம் இல்லை. ஐபோன், ஐபேடில் ஆப்பிள் தன் சொந்த எண்களை வைத்திருக்கிறது. 4+, 9+ என்று தொடங்கும் அந்த வரிசையின் மேல் படிகள் 2025-ல் 13+, 16+, 18+ என்று மாற்றப்பட்டன.

இந்த எண்ணால் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். 12+ என்று போட்ட கேமை ஐந்து வயதுக்குத் தரக்கூடாது என்பதை அது தெளிவாகச் சொல்லிவிடுகிறது. கழித்துக்கட்ட உதவும், தேர்ந்தெடுக்க உதவாது. ஃபிஃபா 19 என்ற கால்பந்து கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் அதற்கு 3 என்ற எண்தான் கிடைத்தது. பந்து உதைக்கிறார்கள், கோல் போடுகிறார்கள். அதில் என்ன கெடுதல் இருக்க முடியும்? ஆனால் அதே கேமுக்குள் காசு கொடுத்து மூடிய பாக்கெட்டுகளை வாங்கலாம். உள்ளே எந்த ஆட்டக்காரர் இருப்பார் என்பது திறந்த பிறகுதான் தெரியும். 2018-ல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் இப்படிப்பட்ட பாக்கெட்டுகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று முடிவுசெய்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அந்த கேமை வெளியிட்ட நிறுவனம் பெல்ஜியத்தில் பாக்கெட்டுக்கான பாயின்ட் விற்பனையை நிறுத்தியது. ஒரு நாட்டின் சட்டம் சூதாட்டம் என்று சொன்ன பொருள், '3' என்ற எண்ணுக்குள் இருந்தது.

கேண்டி க்ரஷ் பலருக்கும் தெரிந்த கேம். பார்வைக்கு வெறும் மிட்டாய். பயமுறுத்தும் எதுவும் இல்லை. ஐந்து உயிர்கள் தருவார்கள். தோற்கத் தோற்க ஒன்றொன்றாகக் குறையும். தீர்ந்துவிட்டால் ஓர் உயிர் திரும்பி வர 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லாவிட்டால் காசு. பெரியவர்களே அந்த 30 நிமிடத்தில் நான்கு முறை போனை எடுத்துப் பார்க்கிறார்கள். காத்திருக்கும் பொறுமை இன்னும் வளராத ஆறு வயதுப் பிள்ளையின் முன் அதை வைப்பது நியாயமா? வயது எண் இதற்குப் பதில் சொல்லாது.

முதலில் நீங்கள் விளையாடுங்கள்

ஒரு கேமைப் பிள்ளையிடம் தருவதற்கு முன் நீங்கள் தனியாக அரை மணி நேரம் விளையாடிப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதாது. முதல் ஐந்து நிமிடத்தை எல்லா கேமும் இனிமையாகத்தான் செய்து வைத்திருப்பார்கள். விளம்பரமும் கடையும் 'நண்பர்களை அழை' என்ற தூண்டிலும் நாலைந்து லெவல் தாண்டிய பிறகே தலைகாட்டும்.

அதற்கும் முன்பு, இன்ஸ்டால் செய்யாமலே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயங்கள் இரண்டு உண்டு. கேமின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் 'விளம்பரங்கள் உள்ளன', 'ஆப்பிற்குள் வாங்கும் வசதி' என்ற பொருளில் வரிகள் இருக்கும். இன்னும் கீழே போய் 'இந்த ஆப் பற்றி' என்ற பகுதியைத் திறந்தால் உள்ளே விற்கும் பொருள்களின் விலை எதிலிருந்து எதுவரை என்று ரூபாயில் போட்டிருப்பார்கள். மழலைப் பாட்டுப் பாடும் யானை கேமுக்குள் ஆயிரக்கணக்கான ரூபாயில் பொருள் விற்கிறார்கள் என்றால், அந்த கேம் யாரை நம்பிச் செய்யப்பட்டது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

விளையாடிப் பார்க்கும்போது போனை ஒருமுறை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். நெட் இல்லாமலும் ஓடுகிறது என்றால் பாதி கவலை தீர்ந்தது. விளம்பரம் வராது, வெளியாள் வர முடியாது. நெட் இல்லையென்றால் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கேம், ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்குத் தேவையில்லை என்பது என் முடிவு.

பிறகு, பிள்ளையின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது. விரல் நினைத்த இடத்தில் நிற்காது. திரையில் ஒரே நேரத்தில் நாலு பொருள் ஓடினால் எதைப் பார்ப்பது என்று திணறும். அந்த வயதுக்குத் தோல்வி என்பதே இல்லாத கேம் வேண்டும்: தொட்டால் ஏதோ நடக்க வேண்டும், எதைத் தொட்டாலும் தப்பாகக் கூடாது. நேரம் குறைந்துகொண்டே வரும் கடிகாரம், டிக் டிக் என்ற சத்தம், சிவப்பு நிறத்தில் பெருக்கல் குறி எல்லாம் வேண்டாம். ஐந்து வயதில் விதிகள் புரியும். முறை வைத்து விளையாடுவார்கள். ஆனாலும் தோற்றால் முகம் வாடும், சில பிள்ளைகள் அழுதே விடுவார்கள். தோற்றவுடன் திட்டோ கேலியோ இல்லாமல் 'இன்னொரு தரம் பார்க்கலாம்' என்று அமைதியாகத் திரும்பவும் தொடங்கும் கேம் அவர்களுக்குச் சரி. ஏழு, எட்டு வயதில்தான் முன்கூட்டித் திட்டமிடுவது, தோற்றதற்குக் காரணம் யோசிப்பது எல்லாம் கைகூடும். ஒன்றைக் கட்டுவது, புதிர் அவிழ்ப்பது, கதையைத் தொடர்வது போன்ற கேம்களை அந்த வயதுக்கு ஒதுக்கி வைக்கலாம்.

பயம் என்பதையும் பெரியவர் கண்ணால் அளக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் உருவத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள். நாம் சிரிக்கும் பல்லிளித்த பூதம், பின்னாலிருந்து திடீரென்று வரும் கை, இருட்டில் கண் மட்டும் தெரியும் பூனை இவையெல்லாம் ராத்திரி தூக்கத்தில் வந்து நிற்கும். ஓடிக்கொண்டே இருக்கும் கேம்களில் பின்னால் துரத்தி வரும் குரங்கையும் போலீஸ்காரரையும் பார்த்துச் சில பிள்ளைகள் கேமை விட்டுவிட்டு மடியில் வந்து ஏறுவார்கள். அப்படி ஏறினால் அந்த கேமை எடுத்துவிடுங்கள். 'ஒண்ணும் இல்லடா, பொம்மைதான்' என்று சொல்லித் திரும்ப உட்கார வைக்காதீர்கள்.

மொழியையும் பாருங்கள். குழந்தைகளுக்கான கேம்களில் பெரும்பாலானவை அமெரிக்க உச்சரிப்பில் வேகமாகப் பேசும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. வீட்டில் தமிழ் மட்டும் கேட்கும் பிள்ளைக்கு அந்தப் பேச்சு காதில் விழும், புத்திக்கு எட்டாது. பிள்ளை என்ன செய்யும்? கண்டபடி தொட்டுப் பார்த்து, எதையோ தொட்டதற்கு நட்சத்திரம் விழுந்தால் கைதட்டும். கற்றுக்கொள்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். பேச்சே இல்லாமல் படத்தாலும் ஓசையாலும் புரியவைக்கும் கேம்கள் இந்தப் பிள்ளைகளுக்கு மிகவும் மேல்.

'எஜுகேஷனல்' என்று பெயரில் போட்டுக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். 2015-ல் அமெரிக்க உளவியலாளர் கேத்தி ஹிர்ஷ்-பாசெக்கும் அவர் குழுவினரும் எழுதிய ஒரு கட்டுரை, உண்மையில் கற்றுத்தரும் ஆப் எது என்று அறிய நான்கு கேள்விகளைத் தருகிறது. பிள்ளையின் மூளை வேலை செய்கிறதா, அல்லது விரல் மட்டும்தானா? செய்யும் காரியத்தில் மனம் நிலைக்கிறதா, இடையில் வரும் ஜிகினா அதைக் கலைக்கிறதா? பிள்ளையின் வாழ்க்கையோடு அதற்கு ஏதாவது தொடர்பு உண்டா? இன்னொரு மனிதரோடு பேசவைக்கிறதா? நான் பார்த்த ஏ-பி-சி-டி கேம்களில் பெரும்பாலானவை முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுகின்றன. எழுத்தைத் தொட்டால் வெடிக்கிறது, ஓசை வருகிறது, அடுத்த எழுத்து. அவ்வளவுதான்.

விளம்பரம், காசு, வெளியாள்

ஏழெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு, தம்மை எதையோ வாங்கவைக்கும் நோக்கத்தோடு செய்யப்பட்டதுதான் விளம்பரம் என்று பிடிபடாது. அவர்களுக்கு அதுவும் கேமின் ஒரு பகுதி. 2018-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான 135 ஆப்களைப் பார்த்தார்கள். 95 சதவீதத்தில் ஏதோ ஒரு வகை விளம்பரம் இருந்தது. கடையில் எதையும் வாங்காமல் வெளியேறினால் கேமின் பாத்திரமே அழும் கேமும் அதில் இருந்தது.

நம் வீட்டில் இது எப்படி நடக்கிறது என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். யுகேஜி படிக்கும் பெண் பழங்களைக் கூடையில் போடும் கேம் விளையாடுகிறாள். லெவல் முடிந்ததும் திரை முழுக்க வேறொரு கேமின் விளம்பரம். விரல் வைத்தால் அந்த விளம்பரத்திலும் பொம்மை நகர்கிறது. அவளும் அதைத் தன் கேம் என்று நினைத்து விளையாடுகிறாள். மூலையில் 5, 4, 3 என்று எண் குறைகிறது. அது தீர்ந்ததும் மிளகளவில், மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு பெருக்கல் குறி. அதைத்தான் தொட வேண்டும். அவள் விரல் நுனியோ அதைவிடப் பெரியது. ஒரு நூல் தள்ளித் தொட்டுவிட்டாள்; பிளே ஸ்டோர் திறந்துகொள்கிறது. பச்சை பட்டன் பளிச்சென்று இருக்கிறது, அதையும் தொடுகிறாள். ராத்திரி போனை எடுத்தால் நீங்கள் போடாத இரண்டு கேம்கள் அதில் உட்கார்ந்திருக்கின்றன. இதில் பிள்ளையின் தவறு எதுவும் இல்லை. அந்தக் குறியை அவ்வளவு சிறிதாக வைத்தவர்கள் தெரிந்தேதான் வைத்தார்கள்.

காசு விஷயத்தில் பெரிய நிறுவனங்களும் பிடிபட்டிருக்கின்றன. பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகள் ஆப்களுக்குள் வாங்கிவிட்ட பொருள்களுக்காக 2014-ல் ஆப்பிள் 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது. 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் கேமை நடத்தும் எபிக் கேம்ஸ், பிள்ளைகளின் தகவல்களைச் சேகரித்ததற்கும், ஒரே பட்டனைத் தவறி அழுத்தினாலும் பணம் போகும்படி வைத்ததற்குமாக மொத்தம் 52 கோடி டாலர் கட்ட இசைந்தது. நம் பக்கம் யுபிஐ ஆட்டோபே இருக்கிறது. சந்தா ஒன்றுக்கு ஒருமுறை சம்மதித்துவிட்டால் மாதாமாதம் தானாகவே கழியும். 'மூன்று நாள் இலவசம்' என்று சொல்லும் கேமுக்கு கார்டு எண்ணையோ யுபிஐயையோ கொடுக்காதீர்கள். அதற்குப் பதில், விளம்பரம் இல்லாத நல்ல கேமுக்கு ஒரேயடியாகக் காசு கொடுத்து வாங்கிவிடுவது எவ்வளவோ மேல். இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டுக் காசு கொடுப்பதா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். இரண்டு கேமையும் பத்து நிமிடம் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அப்புறம் கேட்க மாட்டார்கள்.

வெளியாள் விஷயம் சுருக்கமானது. எட்டு வயதுக்குக் கீழே, முன்பின் தெரியாதவரோடு பேசவோ எழுதவோ முடிகிற கேம் எதுவும் வேண்டாம். ரோப்ளாக்ஸ் ஒரு கேம் அல்ல. யார் யாரோ செய்துபோட்ட கணக்கற்ற கேம்கள் நிறைந்த இடம் அது. ஒன்றை நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்டால் பிள்ளை போய் நிற்பது வேறொன்றில். பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ போன்ற சுடும் கேம்கள் அண்ணன் போனில் இருக்கும். தம்பி தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். பார்ப்பதும் விளையாடுவதுபோலத்தான். அண்ணனிடம் பேசி, தம்பி தூங்கிய பிறகு விளையாடச் சொல்லுங்கள். பப்ஜியை 2020 செப்டம்பரிலும் ஃப்ரீ ஃபயரை 2022 பிப்ரவரியிலும் அரசு தடை செய்தது வன்முறைக்காக என்று பலரும் நம்புகிறார்கள். தகவல் பாதுகாப்பையும் நாட்டின் பாதுகாப்பையும் காரணமாகச் சொல்லிப் போட்ட தடை அது. அதனால், தடை இல்லாத கேம் பிள்ளைக்கு ஏற்றது என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

வீட்டில் வைக்கத் தகுந்தவை

போனைவிட லேப்டாப் நல்லது. திரை பெரிது, ஹாலில் எல்லோர் கண்ணிலும் படும், நடுவில் போன் கால் வராது, யுபிஐ இருக்காது, நெட்டைப் பிடுங்கிவிட்டாலும் ஓடும். 2011-ல் தொடங்கித் தமிழக அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. அதை இறக்கித் துடைத்துச் சரிபாருங்கள். கீழே சொல்லப்போகும் முதல் கேமுக்கு அதுவே தாராளம்.

அந்த முதல் கேம் டக்ஸ் பெயின்ட். 2002-ல் பில் கெண்ட்ரிக் என்பவர் தொடங்கியது. இன்று வரை முற்றிலும் இலவசம், விளம்பரம் கிடையாது. விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும். மொழியில் தமிழையும் தேர்ந்தெடுக்கலாம். திரை முழுவதும் அதுவே நிறையும்படி அமைத்துக்கொள்ளலாம். இடப்பக்கம் பெரிய பெரிய படங்களாகத் தூரிகை, முத்திரை, கோடு, வடிவம், மாயம், அழிப்பான். வலப்பக்கம் அந்தந்தக் கருவிக்கான வகைகள். கீழே வண்ணங்கள், அதற்கும் கீழே ஒரு பென்குயின் நின்று என்ன செய்யலாம் என்று சொல்லும். எதைச் செய்தாலும் ஓர் ஓசை வரும். மாயக் கருவியில் வானவில்லை எடுத்து மௌஸை இழுத்தால் இழுத்த இடமெல்லாம் வானவில். செங்கலை எடுத்தால் சுவர் எழும்பும். சேமிக்கும்போது பெயர் கேட்காது, எந்த ஃபோல்டர் என்று கேட்காது. மறுநாள் திறந்தால் வரைந்த படங்கள் எல்லாம் சின்னச் சின்னதாக வரிசையில் இருக்கும், வேண்டியதைத் தொட்டு எடுத்துக்கொள்ளலாம். நான்கு வயதுப் பிள்ளை யார் உதவியும் இல்லாமல் நேற்று விட்ட இடத்திலிருந்து தொடரும். தோல்வி இல்லை, நேரக் கெடு இல்லை, மதிப்பெண் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கான மென்பொருளில் இதற்கு மேல் ஒன்றை நான் பார்த்ததில்லை.

அடுத்தது ஜிகாம்ப்ரி. இரண்டிலிருந்து பத்து வயது வரைக்குமான நூற்றுக்கும் மேற்பட்ட சிறு விளையாட்டுகளின் தொகுப்பு, இதுவும் இலவசம். மௌஸ் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அதில் ஒன்று உண்டு: படத்தை மறைத்துக் கட்டங்கள் இருக்கும், மௌஸை மேலே கொண்டுபோனால் கட்டம் மறையும், எல்லாம் மறைந்ததும் அடியில் இருக்கும் படம் முழுசாகத் தெரியும். வேறெதுவும் இல்லை. ஆனால் கை பழகாத மூன்று வயதுப் பிள்ளைக்கு அது முழுநேர வேலை. எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்து காட்டாதீர்கள். வாரத்துக்கு இரண்டு என்று நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

ஐந்திலிருந்து ஏழு வயதுக்கு ஸ்க்ராட்ச்ஜூனியர். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் எம்ஐடியும் சேர்ந்து 2014-ல் வெளியிட்டது. டேப்லெட்டில் ஓடும், இலவசம். பூனையை நடக்கவும் குதிக்கவும் வைக்கும் கட்டளைகள் எல்லாம் படக் கட்டைகளாக இருக்கும்; ஒன்றோடொன்று கோத்துவிட்டால் பூனை அப்படியே செய்யும். எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை தன் குரலையே பதிவுசெய்து பூனையைப் பேசவைக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்தது. பூனை தமிழில் பேசும். மதுரைப் பிள்ளை வீட்டில் மதுரைத் தமிழில் பேசும். ஆங்கிலம் ஓரளவு பழகிய பிள்ளைக்கு கான் அகாடமி கிட்ஸ் உண்டு; விளம்பரம் இல்லாதது, காசில்லாதது.

ஏழு, எட்டு வயதுக்கு மைன்கிராஃப்ட். ஐரோப்பாவில் அதற்கு 7 என்ற எண். காசு கொடுத்து வாங்க வேண்டும், வாங்கலாம். கிரியேட்டிவ் மோடில் கட்டைகள் தீராது, சாவு கிடையாது. வீடு கட்டலாம், அணை கட்டலாம், தங்கள் தெருவையே கட்டிப் பார்க்கலாம். சர்வைவல் மோடுக்குப் போனாலும் பீஸ்ஃபுல் என்று வைத்துவிட்டால் ராத்திரியில் தாக்க வரும் ஜந்துகள் வராது. வெளியார் சர்வர்களில் மட்டும் சேர விடாதீர்கள். அதற்குள் இருக்கும் கடையையும் பூட்டிவிடுங்கள்.

லூடோ, பரமபதம், தாயம் போன்றவற்றைப் பலரும் போனில் போட்டுக்கொடுக்கிறார்கள். இவற்றுக்குத் திரையே வேண்டாம். காயைக் கையால் எடுத்து ஒன்று, இரண்டு என்று எண்ணி வைப்பதில்தான் எண்ணிக்கை மனதில் பதிகிறது. போனில் அந்த வேலையை அதுவே செய்துவிடும். பிள்ளை செய்வது பகடையைத் தொடுவது மட்டும்.

நிறுத்துவது

மாலை ஆறு மணி. அடுப்படியிலிருந்து அம்மா, "கண்ணா, போதும்டா, வச்சிட்டு வா" என்கிறார். "இரும்மா, இந்த ஒரு லெவல்." ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டாலும் அதே பதில். பிள்ளை பொய் சொல்லவில்லை. ஒரு லெவல் முடிந்த நொடியே அடுத்தது தொடங்கிவிடும்படி செய்த கேமில் நிறுத்துவதற்கு இடமே இல்லை. தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பாருங்கள்: ஒன்று முடிந்ததும் கேம் நிற்கிறதா, அல்லது தானாகவே அடுத்ததற்குத் தாவுகிறதா? நிற்காத கேமைத் தராதீர்கள். நாளைக்கு வராவிட்டால் இன்று சேர்த்தது போய்விடும் என்று சொல்லும் கேமையும் தராதீர்கள்.

நல்ல கேம் கிடைத்த பிறகு, மணிக்கணக்கைவிட வேலைக் கணக்கு எளிது. "பத்து நிமிஷம்தான்" என்பது நான்கு வயதுக்குப் புரியாது. "இந்த வீட்டை வரைஞ்சு முடிச்சிட்டு எனக்குக் காட்டு, அப்புறம் மூடிடலாம்" என்பது புரியும். கூப்பிடும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன செய்திருக்கிறான் என்று ஒரு நிமிடம் கேட்டுவிட்டு மூடச் சொன்னால் அழுகை பாதியாகக் குறையும். சாப்பிடும்போதும் தூங்கப் போகும் முன் ஒரு மணி நேரமும் கேம் வேண்டாம். இதில் தாத்தா பாட்டி உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும். அம்மா மறுத்ததைத் தாத்தா கொடுத்துவிட்டால் பிள்ளை கற்றுக்கொள்வது யாரிடம் கேட்க வேண்டும் என்பதை மட்டும்தான்.

போனைத் தயார்செய்வது

லேப்டாப் இல்லை, போன்தான் என்றால் இவற்றைச் செய்துவிட்டுக் கொடுங்கள். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு செட்டிங்ஸ், பிறகு ஃபேமிலி, அதற்குள் பேரன்டல் கண்ட்ரோல்ஸ். அங்கே ஒரு பின் வைத்து, வயது எண்ணைப் பிள்ளைக்கு ஏற்றபடி குறைத்துவிடுங்கள். பிறந்த தேதியைப் பின்னாக வைக்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது தெரியும். அதே செட்டிங்ஸில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்க்கக் கேட்கும்படி மாற்றுங்கள். பழைய போன் ஒன்றைப் பிள்ளைக்கென்றே ஒதுக்கினால் சிம்மை எடுத்துவிட்டு, ஃபேமிலி லிங்க் மூலம் பிள்ளையின் பெயரில் கணக்குத் தொடங்குங்கள். எந்த ஆப் போடுவதானாலும் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும். ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்' என்ற வசதியும் ஐபோனில் 'கைடட் ஆக்சஸ்' என்ற வசதியும் இருக்கின்றன. பிள்ளை ஒரே ஆப்பை விட்டு வெளியே போக முடியாதபடி அவை பூட்டிவிடும். வங்கி ஆப்பும் யுபிஐயும் இருக்கும் போனைக் கொடுக்கும்போது இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஐபோனில் ஸ்க்ரீன் டைம் பகுதிக்குள் போய், ஆப்பிற்குள் வாங்கும் வசதியை அடியோடு நிறுத்தவும் முடியும்.

இந்தப் பூட்டுகள் எல்லாம் சேர்ந்தாலும் மோசமான கேமை நல்ல கேமாக்கிவிட முடியாது. ஆகவே இன்றிரவு பிள்ளை தூங்கிய பிறகு உங்கள் போனில் இப்போது இருக்கும் கேம்களை ஒவ்வொன்றாகத் திறங்கள். ஒவ்வொன்றையும் அரை மணி நேரம் பொறுமையாக விளையாடுங்கள். ஒரே ராத்திரியில் முடியாவிட்டால் வாரம் முழுவதும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஆசையோடு விளையாட முடிகிறவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுங்கள்.